கையால் எடுத்த களை

படபடவென்று பட்டறையே அதிர்ந்தது. நாலு நாளாக முரண்டு பிடித்த உழவு எஞ்சின் ஒருவழியாக உயிர் பெற்றுக் கரும்புகையைக் கக்கியது. ஊரே 'ஸ்பானர்' என்று கூப்பிடும் மெக்கானிக், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்த தகப்பன் மாதிரி சிரித்தான்.

சிரித்து முடிப்பதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார், அவன் அக்காவின் கணவர்.

"நிறுத்து மாப்ள! நிறுத்துய்யா! இன்னும் அரை மணி நேரத்துல இயற்கை விவசாய அறக்கட்டளைக்காரங்க வர்றாங்க. வயல்ல குருவிச் சத்தம் மட்டும்தான் கேக்கணும்."

"குருவிய நானா பிடிச்சு வெச்சிருக்கேன் அத்தான்? அது பாட்டுக்குக் கத்தட்டும்."

"இந்தச் சனியன் கத்தினா அது எப்படிக் கத்தும்? மண்ணுல இருக்கிற உயிரெல்லாம் பதறுது பாரு."

மண்ணில் எது பதறியதோ தெரியாது, அத்தான் பதறினார். ஸ்பானர் எஞ்சினை அணைத்தான்.

'இயற்கையார்' என்பது அத்தான் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். இருபத்தெட்டு வருஷம் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து காப்பீட்டுப் படிவம் நிரப்பியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கைப்பேசியில் நாலு வீடியோ பார்த்து ஞானம் அடைந்துவிட்டார். உழுவது பாவம், உரம் விஷம், எஞ்சின் பேய். இதை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஊர் ஊராகப் போவதற்கு மட்டும் ஏசி கார் தேவைப்பட்டது. அந்தப் பேய் சத்தம் போடாத பேய் போலிருக்கிறது.

பேச்சுக்குச் சாட்சியாக ஒரு வயல் வேண்டுமே! அதற்கு அக்காவின் வயல் இருந்தது. அப்பா மகனுக்குப் பட்டறை மனையையும், மகளுக்கு அதை ஒட்டிய ஒரு ஏக்கரையும் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு வருஷம் தம்பியின் எஞ்சினால் உழுது, நட்டு, அறுத்து, அந்த மண்ணின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் அக்கா. போன வருஷம் "சும்மா ஒரு படிவம்" என்று சொல்லி, வயலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் அதிகாரப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டார் அத்தான்.

இன்றைய ஆய்வில் வயல் தேறிவிட்டால், பத்து வருஷத்துக்கு அது அறக்கட்டளையின் மாதிரிப் பண்ணை. வாரா வாரம் ஐம்பது பேர் வந்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்துக் கண் மூடுவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட அக்கா. அவர்கள் போன பிறகு களை எடுக்கவும் அக்கா.

"என் வயல்ல நானே கூலியில்லாத கூலியாளாடா?" என்று அவள் தம்பியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் ஸ்பானருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வாயில்லாப் பூச்சியா!

இயந்திரம் இல்லாமல் நெல் விளைவிப்பதில் அத்தானின் பங்கு ஒரு காலை நேரம். களிமண்ணில் பொதிந்த விதை உருண்டைகளை வரப்பில் நின்று வீசினார். வீசும்போது எட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து இயந்திரம், அக்கா. களை எடுக்கக் கையால் தள்ளும் சின்ன உருளைக் கருவியைக்கூட அவர் அனுமதிக்கவில்லை. அதில் சக்கரம் இருக்கிறதாம். சக்கரம் இருந்தால் அது இயந்திரமாம். அக்கா முழங்கால் சேற்றில் குனிந்து களை பிடுங்க, அத்தான் வரப்பில் குடை பிடித்து நின்று, "அதோ, அங்க ஒரு குத்து விட்டுட்ட பாரு!" என்பார்.

சாயங்காலம் அவள் இடுப்பில் கூடையோடு பட்டறை வழியாக வருவாள்.

"பின்னாடி பள்ளத்துல போட்டுக்கட்டுமாடா?"

பட்டறைக்குப் பின்னால், தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்று நிலம் அவனுக்கு இருந்தது. எதற்கும் உதவாது என்று அவன் அந்தப் பக்கம் போவதே இல்லை.

"மலையா குவிச்சுக்கோக்கா. அத்தானோட தத்துவத்தையும் சேத்துக் கொட்டிடு" என்பான், எஞ்சினிலிருந்து தலையை எடுக்காமலே. ஒரு மாதம் தினமும் இதே பேச்சு.

கார் வந்து நின்றது. ஆய்வு அதிகாரி அம்மாளும் ஒரு புகைப்படக்காரரும் இறங்கினார்கள். ஸ்பானர் வேடிக்கை பார்க்க வரப்புக்குப் போனான். வயல் இடுப்பளவு உயரத்தில் கொழுகொழுவென்று நின்றது. போச்சு, வயல் தேறிவிடும். அக்கா கதை முடிந்தது.

"உழவு இல்ல, உரம் இல்ல, மருந்து இல்ல" என்று ஆரம்பித்தார் இயற்கையார். "ஒரு எஞ்சின் சத்தம்கூட இந்தப் பயிர் கேட்டதில்லம்மா. இதோ, இந்தக் குத்தைப் பாருங்க. இதைத்தான் என் புத்தகத்துக்கு அட்டைப்படமாப் போட்டிருக்கேன்." குத்தைக் குழந்தையின் தலை மாதிரி தடவிக் கொடுத்தார். புகைப்படக்காரர் அதையும் எடுத்தார்.

அதிகாரி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அட்டைப்பட நாயகனின் இலை ஒன்றை, அது தண்டோடு சேரும் இடத்தில் விரித்துப் பார்த்தார். நாலடி தள்ளி இன்னொன்று. வயலின் நடுவில் இன்னும் பத்து.

"ஐயா, இது நெல்லு இல்லீங்களே."

"என்னது?"

"நெல்லுன்னா இலை தண்டோட சேர்ற இடத்துல மெல்லிசா வெள்ளையா ஒரு சவ்வு இருக்கும். இதுல மொழுமொழுன்னு ஒண்ணுமே இல்ல பாருங்க. இது சக்களத்திப் புல்லு. கதிர் வர்ற வரைக்கும் அப்படியே நெல்லு மாதிரி ஏமாத்தும். வயல் பூரா இதுதான் நிக்குது."

இயற்கையார் குத்திலிருந்து கையை எடுத்தார். "அதாவது... இயற்கையில நெல்லு, புல்லுன்னு பேதம் எங்கம்மா இருக்கு?"

"சாப்பிடறப்ப தெரியும் ஐயா" என்றார் அம்மாள். புகைப்படக்காரர் சிரிப்பை அடக்கப் படக்கருவிக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார். "புல்லை நல்லாத்தான் வளத்திருக்கீங்க. ஆனா மாதிரிப் பண்ணைக்கு இது சரிப்படாது. மன்னிச்சிடுங்க."

கார் போய்விட்டது. அத்தான் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஒரு மாசமா களை எடுத்தியே, என்னத்தைக் கிழிச்ச?"

"நீங்கதான் பக்கத்துலயே நின்னீங்களே" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

இயற்கையார் கைப்பையைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். "என் தத்துவத்தைத் தாங்கற தெம்பு இந்த மண்ணுக்கு இல்ல. உன் வயலை நீயே வெச்சு அழு!" என்று வீசினார். சேற்றில் விழுவதற்குள் அக்கா அதைப் பிடித்துவிட்டாள். நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் அடுத்த புத்தகத்துக்குத் தலைப்பு யோசித்தபடி வீட்டைப் பார்க்க நடந்தார்.

வயல் திரும்பிவிட்டது. ஆனாலும் ஸ்பானருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு போகம் முழுசாப் போச்சேக்கா. உன் பதினெட்டு வருஷக் கண்ணுக்குமா அது புல்லுன்னு தெரியல?"

"வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் பட்டறைக்குள் நுழைந்து தகரத் தடுப்பைத் தள்ளினாள்.

குப்பைமேட்டை எதிர்பார்த்துப் போன ஸ்பானர் அப்படியே நின்றான். சேற்றுப் பள்ளம் முழுக்க, நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாகப் பயிர். அவன் குனிந்து ஒரு இலையை விரித்தான். வெள்ளைச் சவ்வு. அடுத்த குத்திலும் அதே. அதற்கடுத்ததிலும்.

"இது... இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

அக்கா ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"களையைப் பிடுங்கு, களையைப் பிடுங்குன்னு உங்க அத்தான் தினமும் வரப்புலயே நின்னாருடா. நான் பிடுங்கறது எதுன்னு ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்தாரா?"