தட்டுகிற டிஸ்க்

"மட்டுநகர் வாழ் பெருமக்களே! வரலாற்றுச் சிறப்புமிக்க ஓர் அறிவித்தல்! கணினி யுகத்தைக் கல்லடிக்குக் கைப்பிடித்து அழைத்துவந்த பெருந்தகை, ஓய்வுபெற்ற உப தபாலதிபர் வினாயகமூர்த்தி அவர்கள்..."

சனசமூக நிலையத் தலைவர் அழகரத்தினம் மைக்கை விடுவதாக இல்லை. யுத்தம் முடிந்த கிழமை அது. பாலத்தடியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பந்தலில் இருந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். அழகரத்தினம் மட்டும் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

பிரேதப் பெட்டியருகே, மேசையில், பழுப்பேறிய அந்தக் கம்பியூட்டரையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கணினி யுகத்தில் வினாயகமூர்த்தி செய்த பெரிய வேலை, அதில் சீட்டு விளையாடியது. அதிலும் தோற்றார்.

மகன் ஜெயந்தன் கையில் ஒரு பையோடு சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மூடி போடுவதற்கு முன் பெட்டியடிக்குப் போயாக வேண்டும்.

சுனாமி வந்த காலையில் இந்தக் கம்பியூட்டர் காத்தான்குடியில், மஜீட் காக்காவின் கடையில், திருத்தக் கொடுத்துக் கிடந்தது. அதனால் தப்பியது. தங்கை விதுர்ஷா வீட்டில் இருந்தாள்.

அவளுடைய படங்களையும் கடல் விட்டுவைக்கவில்லை. மிஞ்சியது, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் ஒருநாள் பதிந்த குரல்: "ஒண்டு, ரெண்டு... அப்பா, கேக்குதா?" பின்னேரங்களில் அப்பா அதைப் போடுவார். "கேக்குது மகள்" என்று மறுமொழி சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணியில் வாய் வைப்பார்.

இந்தத் தை மாதம் அந்தக் குரல் இருந்த டிஸ்க் பழுதானது. குரல் போய், டக், டக் என்ற சத்தம் மட்டும் நின்றது.

"உள்ளுக்க நிண்டு தட்டுறாள். திறக்க ஏலாமக் கிடக்கு" என்றார் அப்பா. பொழுதுபட்டும் எழும்பாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா சீதேவிப்பிள்ளை குசினிக்குள், அடுப்படியில் நின்று காதைப் பொத்தினாள். "அதை நிப்பாட்டு மனே. எனக்கும் அப்பிடித்தான் கேக்கத் தொடங்கிற்று."

ஜெயந்தன் நிப்பாட்டினான். மஜீட்டிடம் கொண்டுபோய் வேறு டிஸ்க் போட்டான். முந்தாநாள் பின்னேரம் அப்பா சுவிச்சைப் போட்டார். திரை வெளித்தது. சத்தமில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"ஆர் மனே அவளக் கொண்டுபோனது?"

விடிய அவர் எழும்பவில்லை.

இன்று காலையில் அம்மா கேட்டது ஒன்றுதான். "அந்தப் பழசக் கொண்டு வா. அவர்ர கையில வைக்கோணும்."

மஜீட் கடைக்குள் சாக்கொன்றைக் கவிழ்த்தார். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் விழுந்தன.

"எது காக்கா அப்பாட?"

"கரண்ட் குடுத்துப் பாப்பம்."

முதலாவது, டக், டக். இரண்டாவதும், டக், டக்.

"பழுதானா எல்லாம் இப்பிடித்தான் தட்டும் தம்பி" என்றார் மஜீட்.

"மற்றது ஆர்ர?"

"தெரியா. சுனாமிக்கு முந்திக் கரையோரச் சனம் கொண்டு வந்து தந்த. எடுக்க வராம விட்டாக்கள் எத்தின பேர்." இரண்டையும் பைக்குள் போட்டார். "மையித்து வீட்டுக்குப் போற. ரெண்டையும் கொண்டு போங்க."

திரும்பும் வழியில் இராணுவச் சென்றியில் சிப்பாய் ஒரு டிஸ்க்கை எடுத்துக் காதடியில் ஆட்டிப் பார்த்தான். சத்தமில்லை. போகவிட்டான்.

"இதோ! பெருந்தகையின் கணினி இன்றும் இயங்குகிறது!" என்று பந்தலில் முழங்கி, அழகரத்தினம் சுவிச்சைப் போட்டார். திரை வெளித்தது. சனம் எட்டிப் பார்த்தது.

ஜெயந்தன் பையை அம்மாவிடம் நீட்டினான்.

"எது மனே?"

"தெரியா அம்மா. ரெண்டும் தட்டுது."

அவள் பையை வாங்கினாள். இரண்டையும் சேலைத் தலைப்பால் ஒரே மாதிரித் துடைத்தாள். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த அந்தக் கைகளுக்குக் கீழே, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் செருகினாள்.

"மற்றது ஆர்ர புள்ளையோ" என்றாள் அவர் காதில். "பாத்துக்கொள்ளுங்க."

மூடி போட்டார்கள்.

கம்பியூட்டர் சத்தமில்லாமல் நன்றாக வேலை செய்தது.