சூளையில் இருக்கிறார்

புகை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அதுதான் செங்கல்வராயனை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

விடியலில் மூட்டிய நெருப்பு. பானைகளில் தங்கிய ஈரம் போகிறவரை புகை வெள்ளையாகத்தான் வரும். அதுவரை சிறுதீதான் போட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பானை வெடிக்கும். அசந்தால் தீ அவிந்துவிடும். முதல் தடவை அவசரப்பட்டார். சூளையைப் பிரித்தபோது ஓடுதான் மிஞ்சியது. இரண்டாம் தடவை பயந்து பயந்து சுட்டார். தண்ணீர் ஊற்றியதும் பானையின் அடிப்பாகம் சேறாகக் கையோடு வந்தது. இது மூன்றாவது. சூளையைச் சுற்றி வந்தார். அடுப்புவாயில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஒரு பனைமட்டையை எடுத்தார், கீழே போட்டார், மறுபடியும் சுற்றி வந்தார்.

அது பிரமாதி வருஷம், மாசி மாதம். இடம், கோவில்பதாகை ஏரிக்கரைக்குக் கீழே அவருடைய பரம்பரை மாந்தோப்பு. இருபத்தாறு வருஷம் கிராம முன்சீப்பாக இருந்தவர். தலைப்பாகை இல்லாமல் அவரைத் தெருவில் கண்டவர் கிடையாது. அவர் வருகிறார் என்றால் சாவடியில் பேச்சு நிற்கும். வேலையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்த கோடையில், ஏரி தூர் வாரும் இடத்துக்குப் போனவர் ஒரு பிடி களிமண்ணைக் கையில் எடுத்தார். மண் எப்படி என்று பார்க்கத்தான் எடுத்தார். அரைமணி கழித்துப் பார்த்தால் அது ஒரு கிண்ணமாக இருந்தது. அன்று பிடித்த பித்து. அடுத்த வாரமே பானை வனைய பழைய கட்டைவண்டிச் சக்கரம் ஒன்று தோப்புக்கு வந்து சேர்ந்தது.

மண்பாண்டம் செய்கிறவர்களை அவர் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. அது அவர்கள் தொழில், அவர்கள் மரியாதை. ஆனால் தொழிலும் இல்லாமல் பிழைப்பும் இல்லாமல் ஒரு முன்சீப் மண்ணில் புரண்டால் ஊர் அதற்கு என்ன பெயர் வைக்கும்? கடைசி மகள் பொன்னிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணின் தகப்பன் பைத்தியம் என்ற பேச்சு பாடி கிராமத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக் காதில் விழக்கூடாது. அதனால் மனைவி கன்னியம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “வெளியே மூச்சு விடாதே.”

அந்தக் கன்னியம்மாள் இப்போது கரைமேலிருந்து ஓடி வந்தாள்.

“இன்னாங்க! பாடிலேர்ந்து சம்மந்தி வந்துகீறாரு. அவரு தங்கச்சி பூங்காவனமும் கூட வந்துகீது. கையில நம்ம தட்டு.”

“எந்தத் தட்டு?”

“நிச்சயத்துக்கு நாம வெத்தலபாக்கு வெச்சுக் குடுத்தோமே, அந்த வெள்ளித்தட்டு. துணி போட்டு மூடி எடுத்தாந்துகீறாங்க. குடிக்கத் தண்ணிகூட வாணாம்னுட்டாங்க.”

தட்டு திரும்பி வந்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். செங்கல்வராயனுக்கு நெருப்பின் அனல் சட்டென்று தெரியாமல் போயிற்று.

“காரணம் கேட்டியா?”

“முன்சீப்பு சூளையிலேர்ந்து எப்ப திரும்புவாருன்னு பூங்காவனம் இழுத்து இழுத்துக் கேக்குது.”

“சூளை வைத்த விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்?”

கன்னியம்மாள் முந்தானையைத் திருகினாள். “போன வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வந்துது. உங்களத்தான், அண்ணன் எங்கேன்னு கேட்டுச்சு. நான் இன்னா, பொய்யா சொல்றது? சூளையில கீறாருன்னேன்.”

“அப்புறம்?”

“அடிக்கடி போவாரான்னுச்சு. அவரு மனசே அங்கதான் கீது, ஊட்ல ஒருவேள நிம்மதியா துண்றதில்லன்னேன். எத்தினி நாளான்னுச்சு. ரெண்டு வருசமாச்சு, நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன்னேன்.”

“அப்புறம்?”

“வெளில சொல்லாத தாயி, குடும்ப மானம்னு கையப் புடிச்சுக்கினேன்.”

செங்கல்வராயனுக்கு விஷயம் விளங்கியது. பட்டணத்தில் சூளை என்று ஒரு பேட்டை இருக்கிறது. பக்கத்து ஆவடியில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம். ஒரு ஆண்பிள்ளை இரண்டு வருஷமாகச் சூளைக்குப் போகிறான், மனசு அங்கேயே இருக்கிறது, மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“அடி பாவி! பட்டணத்தில் எனக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்கே!”

கன்னியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“நீங்க போய்க் குளிச்சு, தலப்பா கட்டிக்கினு வாங்க. தீய நான் பாத்துக்கறேன்.”

“நீயா?” என்றார். அவருக்குப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அதற்குள் அவள் மட்டை எடுத்து வரச் சூளைக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

அப்போதுதான் கரையிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் பூங்காவனம். பின்னால் தட்டைச் சுமந்துகொண்டு சம்பந்தி வீராசாமி.

“யோவ், பெரியவரே!” என்றாள் பூங்காவனம். “முன்சீப்பு ஊட்டம்மா இந்தப் பக்கந்தான் ஓடியாந்துது. பாத்தியா?”

முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய அழுக்கு வேட்டி, தலையில் கந்தல் துண்டு, முகமெல்லாம் கரி. நிச்சயதார்த்தத்தன்று எதிரில் உட்கார்ந்து பேசியவளுக்கு இன்று ஆள் தெரியவில்லை.

“நீ அவுரு தோப்புல வேல செய்யறவன்தானே? நெசத்தச் சொல்லு. முன்சீப்பு சூளையிலதானே கீறாரு?”

‘தெரியாதம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்வழியாக வீட்டுக்குப் போய்க் குளித்து, தலைப்பாகை கட்டி, பூண்போட்ட கைத்தடியோடு முன்சீப்பாகவே வந்து நிற்கலாம். நின்று என்ன சொல்வது? மானம் போகக்கூடாது என்று ஒன்றை மூடி வைத்தார். மூடிய இடத்திலேயே அதைவிடப் பெரிய அவமானம் முளைத்துவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பொன்னியின் முகம் நினைவுக்கு வந்தது. நிச்சயமானதிலிருந்து அந்தப் பெண் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீடு பெருக்குகிறது.

தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

“சம்பந்தி, நான்தான். கன்னியம்மா சொன்னது நிஜம். ரெண்டு வருஷமா சூளையிலதான் இருக்கேன். இதுதான் அந்தச் சூளை.”

வீராசாமி அவரைப் பார்த்தார். புகையும் மண்மேட்டைப் பார்த்தார். ஓரத்தில் கவிழ்த்திருந்த கோணல்மாணலான சட்டிகளைப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் மெல்லத் திரும்பினார்.

“பூங்காவனம், இதுவா அந்தப் பொம்பள?”

“மனசு அங்கதான் கீதுன்னு அவங்கதான்…” என்றாள் பூங்காவனம். “சட்டிமேல மனச வெக்கிற ஆம்பளைய நான் எங்க கண்டேன்!”

டப்!

சூளைக்குள்ளிருந்து சத்தம். செங்கல்வராயன் சம்பந்தியை மறந்தார், மரியாதையை மறந்தார். பாய்ந்துபோய் அடுப்புவாயிலிருந்து எரிகிற மட்டைகளை இழுத்து வெளியே போட்டார்.

“இவ்வளவு மட்டையை யார் உள்ளே தள்ளினது?”

“நான்தான்,” என்று சூளைக்குப் பின்னாலிருந்து தலை நீட்டினாள் கன்னியம்மாள். “நீங்க பேசிக்கினே நின்னீங்களா, தீ அவிஞ்சிடுமேன்னு…”

வீராசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். தட்டு அவர் கையில் கனத்தது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, சும்மா எடுத்துப் போகவும் முறையில்லை. “முகூர்த்தத்துக்கு நாள் கேட்டுக்கினு போலாம்னுதான் வந்தோம்,” என்றார்.

பொய். அது பொய் என்று நான்கு பேருக்கும் தெரியும். செங்கல்வராயன் அதை ஒரு மரியாதையாக ஏற்றுக்கொண்டார்.

“பங்குனியில பார்க்கலாம். தட்டைக் கீழே வைக்காதீங்க சம்பந்தி, கரி படும்.”

“கல்யாணத்துக்கு அரசாணிப் பானைகூட உங்க கையாலயே…” என்று பூங்காவனம் குழைந்தாள்.

“கூடாது.” பழைய முன்சீப்பின் குரல் வந்தது. “அதுக்கு வெற்றிலை மஞ்சள் வைத்து, மேளத்தோட குயவர் வீட்டுக்குப் போய்த்தான் வாங்கணும். அது அவங்க உரிமை. அதில் என் கை போகாது.”

வீராசாமி தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கிளம்பும்போது தயங்கி நின்றார். “பாடியில ஏற்கெனவே நாலு பேரு காதுல உழுந்துட்டுது. கேட்டா இன்னா சொல்றது?”

செங்கல்வராயன் புகையைப் பார்த்தார். வெள்ளை சற்றுக் குறைந்திருந்தது. பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும். இன்னொரு குடும்பம் என்பதைவிட அது மேல்.

“முன்சீப் பானை சுடறார்னு சொல்லுங்க. சூளைன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

கன்னியம்மாள் அவர்களைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனாள். கரைமேல் மாடு ஓட்டி வந்த எத்திராஜ், “முன்சீப்பு எங்கம்மா?” என்று கேட்டது இங்கே காதில் விழுந்தது.

“சூ…” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு ஏரிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி கத்தினாள்: “பானை சுடறாரு! எங்க ஊட்டுக்காரரு பானை சுடறாரு!”

செங்கல்வராயன் திரும்பவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார். ஒரு சுற்று சூளையைச் சுற்றி வந்தார். கால் தடுக்கியது. வேட்டியை மறுபடி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்புவாயில் குனிந்தார்.