கற்றாழைக்கும் ஒரு குவளை

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டுச் சாவியைக் கொடுத்துத் தங்கை படித்துப் படித்துச் சொன்னாள். "அக்கா, ரோஜாவுக்குத் தினமும் தண்ணி ஊத்து. கத்தாழையக் கண்டுக்கவே கண்டுக்காத. அதுக்கு வெயில் போதும்."

அக்கா தையற்காரி. தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில்தான் சட்டை தைப்பாள். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய என்பது அவளுக்கு ஆகவே ஆகாது. பால்கனியில் ரோஜா வயிறாரக் குடிக்க, பக்கத்துத் தொட்டி வேடிக்கை பார்ப்பதா? அதற்கும் தினமும் ஒரு குவளை ஊற்றினாள்.

ரோஜா மொட்டுவிட்டது. கற்றாழை அடி அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. வீடு மாறும்போதெல்லாம் தங்கை மடியில் வைத்துத் தூக்கிவந்த செடி அது. அக்கா செடிக்கடைக்கு ஓடி, அதே உயரத்தில் ஒன்று வாங்கி அதே தொட்டியில் நட்டாள். சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பாள். வாய் வராது, வைத்துவிடுவாள்.

தங்கை திரும்பியதும் நேரே பால்கனிக்குப் போனாள். "அட, ரெண்டும் ஜம்முனு இருக்கே! கெட்டிக்காரிக்கா நீ!"

அக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தங்கை கற்றாழையைத் தடவிவிட்டு, பழக்கதோஷத்தில் விரலை மண்ணுக்குள் விட்டாள். விரல் சேறாக வெளியே வந்தது.

"இதுக்கும் ஊத்துனியாக்கா?"

"காலையிலதான்டி ஊத்துனேன்," என்றாள் அக்கா, அழாத குறையாக. "பழசுதான் என்னால செத்துப்போச்சு, இதையாவது நல்லாப் பாத்துக்கலாம்னு..."