உதைத்தது பதினேழா, பதினெட்டா

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் அடியில் இருந்த வரியிலிருந்து பிறந்தது: ‘இடம் போதாவிட்டால் கூடுதல் தாள் இணைக்கவும்.’ இணைக்கிறேன். ஓர் அலுவலகம் இப்படித் தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

படிவம் கால்நடை அலுவலகத்துடையது. ‘மனித உயிரிழப்பை ஏற்படுத்திய விலங்கு குறித்த சாட்சியின் வாக்குமூலம்.’ அந்த மனித உயிர் என் கணவர். சாட்சி நான். விலங்கு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நிற்கும் இரண்டில் ஒன்று. காதில் தொங்கும் எண் பதினேழு, அல்லது பதினெட்டு. நான் எந்த எண்ணை எழுதுகிறேனோ, அதற்கு நாளைக் காலை பத்து மணிக்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

எண் எழுத விட்டிருக்கும் கட்டம் என் கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது. அதனால்தான் இத்தனை தாள்.

2

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

‘அன்று காலை மழை பெய்துகொண்டிருந்தது.’ பெய்தது உண்மைதான். ஆனால் கதையில் யாராவது சாக வேண்டுமென்றால் எல்லோரும் மழையைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அடித்துவிட்டேன். (மழை பின்னால் தேவைப்படும். ஓரமாக நிற்கட்டும்.)

‘என் கணவர் வாயில்லா ஜீவன்களை உயிருக்கு உயிராய் நேசித்தவர்.’ இது என் நாத்தனார் இரங்கல் அறிவிப்புக்காகச் சொன்ன வாக்கியம். என் கணவர் நேசித்தது வாயில்லா ஜீவன்களை அல்ல, அவற்றைப் பற்றி வாயுள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை. இதையும் அடித்தாயிற்று.

‘கழுதை, கோவேறு கழுதை, ஹின்னி ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடுகளை விளக்குக.’ வினாத்தாள் மாதிரி இருக்கிறது. இருபத்திரண்டு வருட இல்லறமும் அப்படித்தான் இருந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

லாரி போகாத மேட்டுப் பாதைகளில் சிமெண்டு மூட்டையும் செங்கல்லும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிச் செல்லும் விலங்குகளுக்கு எங்கள் கொட்டகைதான் இருப்பிடம். என் கணவர் அதன் மேற்பார்வையாளர். லாடம் அடிப்பவரும் அவரே. மூட்டை ஏற்ற வருகிற யாரும் பாடம் கேட்காமல் தப்பியதில்லை.

“இது என்ன?”

“கழுதைங்க.”

“பக்கத்துல நிக்கிறது?”

“அதுவும் கழுதைதாங்க.”

“கண்ணை எங்கய்யா வச்சிருக்கே, முதுகிலயா? அம்மா குதிரை, அப்பா கழுதைன்னா கோவேறு கழுதை. அம்மா கழுதை, அப்பா குதிரைன்னா ஹின்னி. அம்மாவும் கழுதை அப்பாவும் கழுதைன்னாதான் கழுதை. ஒண்ணைப் பார்த்தா அம்மா யாருன்னு கேளு. அது போதும்.”

“அம்மா அப்பாவையெல்லாம் அப்புறம் விசாரிக்கலாங்க. சிமெண்டு நனையுது.”

[பாடத்தின் மிச்சம், பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்: கோவேறு கழுதைக்குக் காது நீளம், உடம்பு பெரிது. ஹின்னி கழுதையின் வயிற்றில் வளர்வதால் பெரும்பாலும் கொஞ்சம் சின்னது. காது குட்டை, வால் குதிரை வால். குதிரையும் பெண் கழுதையும் சேர்ந்து குட்டி தங்குவது அபூர்வம், அதனால் பலர் ஹின்னியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்திருந்தாலும் கழுதை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கோவேறு கழுதையோ ஹின்னியோ, தன்னைப் போல ஒரு குட்டியை ஈன்று பார்ப்பது இல்லை என்றே சொல்லலாம். இந்தக் கடைசித் தகவலை அவர் என் எதிரில் மட்டும் சொல்ல மாட்டார். எங்களுக்கும் பிள்ளை இல்லை. பாருங்கள், அவரிடம் நாகரிகமும் கொஞ்சம் இருந்திருக்கிறது.]

எண் பதினேழு கோவேறு கழுதை. எதையும் மறுத்து நிற்பதால் அதற்கு ‘வக்கீல்’ என்று பெயர். எண் பதினெட்டு ஹின்னி. பெயர் ‘சீமாட்டி’. இரண்டும் ஒரே காப்பிக்கொட்டை நிறம். சீமாட்டி தன் இனத்துக்கு மீறி வளர்ந்துவிட்டதால் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. காதைப் பார்த்தால் தெரியும். பார்க்கத் தெரிந்தால்.

4

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. கணவர் என்று நான் எழுதியிருக்கும் ஆள் வெறும் கோமாளியாக நிற்கிறார். செத்தவரை இப்படி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், இப்போது என்ன மரியாதை?

சரி, ஒரு நல்ல குணம் சேர்க்கிறேன். சீமாட்டி பிறந்த ஒன்பதாம் நாள் அதன் தாய்க் கழுதை செத்துப்போனது. குட்டியைக் கைவிடச் சொன்னார்கள். அவர் எங்கள் சமையலறையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, பால் புட்டியோடு மூன்று மாதம் அதன் பக்கத்திலேயே கிடந்தார். என் சமையலறை மூன்று மாதம் என்ன வாடை அடித்தது என்பதை இந்தத் தாளில் இணைக்க வழியில்லை.

அவருடைய பாடத்தில் ஒரு விதி உண்டு. திறந்துவிட்டால், கோவேறு கழுதை குதிரைகளோடு போய் நிற்கும், ஹின்னி கழுதைகளோடு போய் நிற்கும். வளர்த்த தாய் எந்த இனமோ, அந்த இனம்தான் அதற்குச் சொந்தம்.

சீமாட்டி கழுதைகளிடம் போகவில்லை. அவர் பின்னாலேயே போனது.

“உங்க விதிப்படி பார்த்தா, நீங்கதான் கழுதை” என்றேன்.

“விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குடி.”

“இருக்கும். காது மட்டும்தான் கொஞ்சம் குட்டை.”

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாத அந்த ஒரு வாரமும் குளித்து வந்ததும் கண்ணாடியில் காதைப் பார்த்துக்கொண்டார்.

5

இப்போது மழையைக் கூப்பிடுகிறேன்.

காலை ஏழு மணி இருக்கும். இரண்டையும் சாரலுக்காக இடம் மாற்றிக் கட்டியிருந்தார்கள். முதுகிலிருந்து தலை வரை சாக்கு போர்த்தியிருந்தது. அவர் பின்பக்கமாக வந்தார். சமையலறை ஜன்னல் அவற்றின் முகத்துக்கு நேராக இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் சாக்குதான். முன்னாலிருந்து எனக்கு முகம், காது எல்லாம் தெரிந்தது.

வக்கீலிடம் போனால் முதலில் குரல் கொடுக்க வேண்டும், தோள் பக்கமாகத்தான் போக வேண்டும். இதை அவர்தான் ஊருக்கே சொல்லிக்கொடுத்தார். சீமாட்டியிடம் மட்டும் அவர் இஷ்டத்துக்குப் பின்னால் போய்ப் பிட்டத்தில் ஒரு தட்டு தட்டுவார். அன்று வக்கீலின் பின்னால் போய் நின்றார். கையை ஓங்கினார்.

நான் கூப்பிட்டிருக்கலாம். ‘ஏங்க’ என்று ஒரு சொல் போதும். நான் கூப்பிடவில்லை. ஏன் என்று

ஏன் என்றால், எனக்குச் சந்தோஷமாக

முழுசாகவே எழுதிவிடுகிறேன். வாத்தியார் முதல் தடவையாகத் தப்பு செய்யப் போகிறார். இருபத்திரண்டு வருடமாக நான் காத்திருந்த நிமிடம். அவர் உள்ளே வந்ததும் என்ன சொல்லிக் கேலி செய்யலாம் என்று வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். நல்ல வாக்கியம் ஒன்று வந்தது. இப்போது நினைவில்லை.

“என்ன சீமாட்டி, இன்னும் தூக்கமா?” என்று தட்டினார். வக்கீல் ஒரே ஒரு உதை விட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். முதல் நாள் கண் திறந்து கேட்டார்: “யாருடி உதைச்சது?”

பிழைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். “நீங்கதானே வாத்தியார். நீங்களே சொல்லுங்க.”

 “காது தெரியலடி” என்றார்.

தப்பு செய்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டது அதுதான். அதை ஒப்புக்கொண்ட மறுநாள் செத்தும் போனார். இவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்திருந்தால் நான் வற்புறுத்தியிருக்கவே மாட்டேன்.

6

எழவு வீட்டில் நாத்தனார்தான் முதலில் ஆரம்பித்தார்.

“கழுதை உதைச்சுச் செத்தான்னு அறிவிப்புல போடறதா? நாலு பேர் சிரிக்கவா? குதிரைன்னு போடு.”

“குதிரை இல்லையே அண்ணி.”

“பாதி குதிரைதானே? அந்தப் பாதியைப் போடு.”

கொட்டகை ஆட்களுக்கு வேறு கணக்கு. மூட்டை தூக்குபவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அண்ணன் கண்ணைக் கட்டிவிட்டாக்கூட எது எதுன்னு சொல்லிடுவாரு. வக்கீல் பின்னாடி போய் நிப்பாரா? நின்னாருன்னா அது சீமாட்டிதான். பால் குடுத்து வளர்த்தவரையே உதைச்சிருக்கு, நன்றி கெட்டது. அப்படித்தானே அண்ணி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரியாமல் போகுமா என்ற நம்பிக்கை அத்தனை முகத்திலும் இருந்தது. அவர் சேர்த்து வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அதுதான். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

ஒரே ஓர் ஆட்டல். சீமாட்டியைத் தனியாகக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் அதிகாரி படிவத்தோடு வந்தார். விலங்கின் வகை: குதிரை, கழுதை, கோவேறு கழுதை. மூன்றே கட்டம்.

“ஹின்னிக்குக் கட்டம் இல்லையே சார்.”

“ஹின்னியா? அப்படி எதுவும் எங்ககிட்ட இல்லம்மா.”

“இல்லாததுக்கு எப்படி சார் ஊசி போடுவீங்க?”

“கோவேறு கழுதைன்னு போட்டுக்கலாம்மா. எல்லாம் ஒண்ணுதான். நம்பர் மட்டும் சரியா எழுதிடுங்க. எழுதலேன்னா ரெண்டையும்தான் எடுக்கணும்.”

எல்லாம் ஒன்றுதானாம். அவர் இருந்திருந்தால் அந்த மனிதரை மாலை வரை விட்டிருக்க மாட்டார்.

7

முடிவுகள்.

ஒன்று. பதினெட்டு என்று எழுதுகிறேன். அவர் கடைசி வரை தப்பே செய்யாத நிபுணராக இருப்பார். நாத்தனார் பாதி குதிரையோடு நிம்மதியாக இருப்பார். நான் ஜன்னலில் நின்றதை யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றும் செய்யாத சீமாட்டி சாகும்.

இரண்டு. பதினேழு என்று எழுதி, அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று கீழே எழுதுகிறேன். கொட்டகை சிரிக்கும். இனி யாராவது எதையாவது தவறாகச் சொன்னால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பின்னாலிருந்து அடித்தால் உதைக்கத்தான் செய்யும் வக்கீல், உதைத்த குற்றத்துக்குச் சாகும்.

மூன்று. கட்டத்தைக் காலியாக விடுகிறேன். கதை எழுதுகிறவர்களுக்கு இது பிடித்தமான முடிவு. வாசகரே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் இரண்டு ஊசி.

நேற்று சீமாட்டி கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றது. துரத்தினேன். போகவில்லை. துணி காயப் போடப் போனேன், பின்னாலேயே வந்தது. விதிப்படி இப்போது நான்தான் கழுதை. மறுக்கவில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு எந்த எண் என்று எனக்குத் தெரியாது என்று நடிக்க முடியாது. உங்களாலும் முடியாது. ஆனால் என் வாய் முன்பு ஒரு முறை தப்பான நேரத்தில் சும்மா இருந்திருக்கிறது, தலை ஒரு முறை தப்பான நேரத்தில் ஆடியிருக்கிறது. இவற்றை நம்பி ஒரு கட்டத்தை நிரப்ப எனக்குத் துணிவில்லை. அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன்.

இரண்டையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். மழை விட்டுவிட்டது. சாக்கை நானே எடுத்துவிட்டேன். பாடம் முழுவதும் கேட்டுவிட்டீர்கள். அவரைப்போல் பின்பக்கமாக வராமல், என் ஜன்னலுக்கு வந்து நேராகப் பாருங்கள்.

காது தெரிகிறதா?

எண்: ______