மூன்று பிரதிகள், ஒரு சாவி

என் வீட்டுக்காரர் ஜெபதுரை அமைச்சகத்தில் இருபது வருஷம் ஃபைல் பார்த்தவர். ரேஷன் கார்டுக்கே மூன்று பிரதி எடுத்து, மூன்று இடத்தில் பூட்டி வைப்பார். தலைநகரின் கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் பூட்ட இடம் கிடைப்பதுதான் அதிசயம்.

2003-ல் எனக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறிப்போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். சர்ச் பாடகர் குழுவில் பதினாறு வருஷம் பாடியவள் நான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இவர் கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகி, என்னை நான்கு கீர்த்தனைகள் பாடச் சொன்னார். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அந்த ஃபோல்டரை என்கிரிப்ட் செய்தார். அவர் பெயரில் நுழைந்தால்தான் பாட்டு திறக்கும். வழக்கம்போல மூன்று பிரதி, மூன்றுக்கும் பூட்டு.

டாக்டர் சொன்னதுதான் நடந்தது. கரகரவென்று ஒரு குரல் மிஞ்சியது. அதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் வந்து சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டுவிட்டு, "டேட்டா சப் டீக் ஹை, அங்கிள்" என்று, எல்லாம் பத்திரமாக இருப்பதாக இந்தியில் சொல்லிப் போனார். பொய்யில்லை. பாட்டுகளின் பெயர்கள் பச்சை எழுத்தில் வரிசையாகத் தெரிந்தன. மூன்று பிரதியிலும் ஒன்றுகூடத் திறக்கவில்லை. இவர் அதே பெயர், அதே பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டருக்கோ இவர் யாரோ புது ஆள். நிஜமான சாவி பழைய சிஸ்டத்துக்குள் இருந்து, அதோடு அழிந்துபோயிருந்தது. எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்த மனுஷனுக்கு, சாவிக்கு எடுக்கத் தோன்றவில்லை.

எட்டு நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். முதலில் பாவமாக இருந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. சக்களத்தி மேல் வருகிற கோபம்தான் அது, வேறென்ன! ஒன்பதாம் நாள் வெடித்துவிட்டேன்.

"அந்தப் பழைய குரல் இல்லாம இருக்க முடியலையா உங்களுக்கு? இந்தக் குரல் வேண்டாம்னா நேராவே சொல்லிடுங்க!"

திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நான் ஒருநாள்கூட அதைப் போட்டுக் கேட்டதில்ல, இன்பம். என்னைக்காவது நீ கேட்டா எடுத்துக் குடுக்கணும்னு வச்சிருந்தேன். உன் பொருளை நான் தொலைச்சிட்டேன்."

"அப்போ உங்களுக்கு வேண்டாமா?"

"எனக்கு நீ பேசினாப் போதும். ஒரு வருஷமா அதுதான் இல்ல. இன்னைக்குத்தான் சேர்ந்தாப்பல இவ்வளவு பேசியிருக்க."

எனக்கு அழுகை முட்டியது. இதை முதலிலேயே சொல்ல வாய் வரவில்லையா என்று ஆரம்பித்தேன். தேனிலவுக்குப் போகும்போது ரயிலைத் தவறவிட்டதிலிருந்து ஒன்றையும் விடவில்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது, அப்படியும் நிறுத்தவில்லை. அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.