மூன்றாவது ஷிஃப்ட்

இன்னொரு டேப் திரும்பி வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி காதர் மைதீன் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் ஆம்ப்ரோஸ் சரியாகத் தூங்கவில்லை.

1986. ஃபேரர் பார்க்கில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறைக்கு வருகைப்பதிவு புரோகிராம். புரோகிராம் என்றால் ஒன்றல்ல. சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகள். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றை. எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து அனுப்ப வேண்டும்; ஒன்று விட்டுப்போனாலும் பட்டறையில் போய்ப் படுத்துவிடும். இரண்டு முறை படுத்தாகிவிட்டது. இரண்டு முறையும் டேப்பில் போகவேண்டியவற்றின் பட்டியலைக் கையால் எழுதியவன் ஆம்ப்ரோஸ்.

அதனால்தான் பட்டியலைத் தானே எடுக்கும் புரோகிராம் ஒன்றை எழுதினான். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டாகத் திறந்து, எது எதைக் கூப்பிடுகிறது என்று பார்த்துப் பெயர்களைச் சேர்க்கும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டியல் வந்தது. ஐம்பத்தேழு பெயர்கள். ஒரு குறை இல்லை. நாலு மணிக்குப் பட்டறை வேன் வரும்.

டேப் எழுதும் லீலா பட்டியல்படி எழுதிய டேப்போடு நேரே பின்னறைக்குப் போனாள். அங்கே எதுவுமே ஏற்றாத மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஓட்டிப் பார்க்காமல் அவள் கையெழுத்துப் போடமாட்டாள். முதல் ஷிஃப்ட்டுக்கான ஸ்கிரிப்ட் ஓடியது. இரண்டாவதும் ஓடியது.

“அண்ணே, மூணாவது நின்னுடுச்சு. ஃபைல் இல்லைங்குது.”

ஆம்ப்ரோஸ் போய்ப் பார்த்தான். மணி மூன்று பத்து. ஷிஃப்ட்டைத் தேர்ந்தெடுக்கும் ஸ்கிரிப்ட்டில் எதைக் கூப்பிட வேண்டும் என்ற பெயரே இல்லை. ஆள் அடிக்கும் எண்ணை ‘ஷிஃப்ட்’ என்ற சொல்லோடு ஒட்டி, ஓடும்போதுதான் பெயரை உண்டாக்குகிறது. முதல் இரண்டையும் வேறு ஸ்கிரிப்ட்டுகள் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் பட்டியலில் ஏறித் தப்பித்தன.

“உங்க புரோகிராம் ரொம்ப மரியாதை தெரிஞ்சது லா. புரியாததைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்குது” என்றாள் லீலா.

அவனுக்குச் சுருக்கென்றது. எழுதிய முதல் வாரத்தில் அது வாய் திறந்துகொண்டுதான் இருந்தது. புரியாத வரியையெல்லாம் கீழே அச்சடித்தது. இதென்ன இவ்வளவு குறை என்று முதலாளி முகம் சுளித்தார். மறுநாளே ஆம்ப்ரோஸ் அதை ஊமையாக்கிவிட்டான்.

இப்போது அந்த அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். அதே ஐம்பத்தேழு. அடியில் பதினொரு வரிகள்: புரியவில்லை, புரியவில்லை. ஒன்று ஷிஃப்ட். மற்ற பத்தையும் நாலு மணிக்குள் திறந்து படித்து முடிக்க முடியாது. மூன்றாவது ஷிஃப்ட்டை மட்டும் கையால் சேர்த்து அனுப்பலாம். டேப் ஒரு வாரம் தாங்கும், இரண்டு வாரம் தாங்கும். அதற்கப்புறம்?

அச்சான காகிதத்தைக் கிழித்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனான்.

“சார், வேன் வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“ரெடின்னு ரெண்டு மணிக்குச் சொன்னீங்களே.”

“பத்து இடத்துல எதைக் கூப்பிடுதுன்னு எனக்கே தெரியல. அது சொல்லத்தான் செஞ்சுது. நான்தான் வாயை மூடி வெச்சிருந்தேன்.”

காதர் மைதீன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பட்டறைக்காரரிடம் நாளை நாலு மணி என்றார். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.

“பதினொண்ணுக்கும் பக்கத்துல பேர் எழுதிக் கொண்டாங்க. ஒண்ணு காலியா இருந்தாலும் வராதீங்க.”

எங்கே வரக்கூடாது, இந்த அறைக்கா, கம்பெனிக்கா என்று ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை. பிடோக் வீட்டில் இருக்கும் மனைவி பிரிஜட்டுக்குப் போன் போட்டு, சாப்பிடக் காத்திருக்க வேண்டாம் என்றான். மேசையில் கோப்பி ஆறியிருந்தது. லீலா முதல் வரியைத் திறந்து வைத்திருந்தாள்.