பெயருக்கு நேரே டார்மன்ட்

பதிவு மேசையில் இருந்தவர் லேப்டாப்பை ஆவுடைத்தாய் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்கம்மா. டார்மன்ட்னு போட்டிருக்கு. முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

திரையில் அவள் பெயர். பக்கத்தில் ஒல்லியான ஒரு பெண்ணின் படம். அவளுக்கே அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்கு நேரே சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு கோவில்பட்டி பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் அவள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நாற்பது ஆடுகள், இடைசெவலுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் கரிசல் என்று ஆனபிறகு மட்டையைத் தொடவில்லை. ஆடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; ஆடுகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை, அவ்வளவுதான். விசேஷ வீடுகளில், "இவ முந்தி ஹாக்கி விளையாடுனா" என்பார்கள். அந்த 'முந்தி' நெஞ்சில் எங்கேயோ போய் இடிக்கும். சிரித்துவைப்பாள்.

நேற்று மத்தியானம் பழைய பயிற்சியாளர் செண்பகராஜ் போன் செய்தார். அணியின் கீப்பருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. மறுநாள் மாவட்ட இறுதிப்போட்டி. வேறு ஆள் இல்லை. போனை வைத்துவிட்டு எப்படிச் சொல்வது என்று நின்றவளைக் கணவன் நந்தகோபால் ஏறிட்டுப் பார்த்தான். "போயிட்டு வா. ஆடுகள நான் பாத்துக்கிடுதேன்" என்று தழை ஒடிக்கும் தொரட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இப்போது ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அணித்தலைவி மாரிசெல்விக்குப் பத்தொன்பது வயது. வந்ததிலிருந்து ஆவுடைத்தாயின் இடுப்பையும் முழங்காலையும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்ப கீப்பர் இல்லாமத்தான் ஆடணுமா?" என்றாள்.

"டார்மன்ட், எக்ஸ்பயர்டு, எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் மேசைக்காரர்.

ஆவுடைத்தாய்க்கு ஆங்கிலம் பெரிதாக வராது. ஆனால் அந்தச் சொல்லைத் தெரியும். போன வருடம் கரிசலில் அறுத்த சூரியகாந்தி விதையைக் கையோடு ஈரச்சாக்கில் முளைக்கப் போட்டாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை செத்துவிட்டது என்று வேளாண் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கிருந்த பெண் அதிகாரி சிரித்தார். "சாகலம்மா, டார்மன்ட். அறுத்த புதுசுல தூங்கும். ஒன்றரை மாசம் கழிச்சுப் போடுங்க." அப்படியே போட்டாள். ஒரே வாரத்தில் சாக்கெல்லாம் பச்சை.

"ஒண்ணில்ல அண்ணாச்சி" என்றாள். தன் குரல் இவ்வளவு திடமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "எக்ஸ்பயர்டுன்னா முடிஞ்சது. டார்மன்ட்னா தூங்குது. எழுப்புததுக்கு அதுலயே வழி வச்சிருப்பாவ. கீழ இறக்கிப் பாருங்க."

அவர் சலிப்போடுதான் இறக்கினார். பக்கத்தின் அடியில் பச்சையாக ஒரு பொத்தான் இருந்தது. "அட, ஆமா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுப் படம் வேண்டும், சங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். மாரிசெல்வி அவளைச் சுவரோடு நிறுத்திப் படமெடுத்தாள். செண்பகராஜ் பைக்கில் பறந்து போய்ச் செயலாளரை ஏற்றிவந்தார். விசிலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது சாம்பல் சொல் போய் 'ஆக்டிவ்' என்று வந்தது.

எதிரணியின் முதல் பந்தே கால்களுக்கு நடுவே புகுந்து கோலானது. முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மாரிசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததுதான் அதைவிட வலித்தது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு சூடாக அடித்தது. அடுத்த பந்து வந்தபோது யோசிக்காமல் கத்தினாள். "ஏட்டி மாரி, எடது பக்கம் அடை!" நாற்பது ஆடுகளைத் திருப்புகிற குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. மாரி அடைத்தாள். அதற்குப் பிறகு பின்வரிசை முழுவதும் அந்தக் குரலுக்கே ஆடியது. மூன்றாவது பந்தைக் காலால் உதைத்தாள். நான்காவதைக் கையால் தட்டினாள். கடைசிக் கால்மணியில் மாரி ஒரு கோல் போட, ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போனது.

ஒவ்வொருவராகப் பந்தோடு வந்து கீப்பரைத் தாண்டிப் போடவேண்டிய ஐந்து வாய்ப்பில் கோவில்பட்டி மூன்றைப் போட்டிருந்தது. நான்கில் இரண்டு போட்டிருந்த எதிரணிக்கு இன்னும் ஒன்று பாக்கி. அதைத் தடுத்தால் கோப்பை.

விசில். எதிரணிப் பெண் பந்தோடு வந்தாள். ஆவுடைத்தாய் கோலுக்குள் காத்திருக்கவில்லை, வெளியே பாய்ந்தாள். வந்தவள் வலப்பக்கம் போக்குக் காட்டி இடப்பக்கம் வெட்டினாள். இந்த முறை ஆவுடைத்தாயின் முழங்கால் மடங்கியது. முழு உடம்பும் ஈரத் தரையில் சறுக்கிக்கொண்டு போக, நீட்டிய மட்டையின் நுனியில் 'டக்' என்று பட்டது பந்து.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள். பந்து யாரும் தொடாமல் கம்பத்துக்கு வெளியே உருண்டு போய்க்கொண்டிருந்தது. நடுக்கோட்டிலிருந்து பத்துப் பெண்கள் மட்டைகளை வீசியெறிந்துவிட்டு ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் மாரிசெல்வி, "யக்கா! யக்கா!" என்று அலறிக்கொண்டு. கால்களில் கட்டிய பேட் கனக்கக் கனக்க, ஆவுடைத்தாயும் அவர்களைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.